பசி ஐயம்பேட்டையில், தூக்கம் ஓரிக்கையில்

இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் வருஷம் தை மாதம் நாலாம் தேதி, புதன்கிழமை, ஐந்து வயது அபியின் உடம்பு பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு லாட்ஜின் இரண்டாவது மாடியிலும், தூக்கம் ஓரிக்கையில் ஒரு ஓட்டு வீட்டிலும், பசி ஐயம்பேட்டையில் ஒரு மாடி வீட்டுச் சமையலறையிலும் தங்கியிருந்தன. அன்று தக்காளி மலிவு, கத்திரிக்காய் கிராக்கி. பொங்கலுக்கு வந்து திரும்புகிற கூட்டம் பஸ் ஸ்டாண்டில் இன்னும் வடியவில்லை. குழந்தை இப்படி மூன்று இடத்தில் தங்கினதை மத்தியானம் வரைக்கும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. மூன்று இடத்து மனுஷர்களும் தங்களிடம் வந்திருப்பது இன்னதென்று விளங்காமல் ஆளுக்கொரு பக்கம் குழம்பிக்கொண்டிருந்தார்கள்.

அபியின் அப்பா சந்தோஷ்குமார் ஓரிக்கைக்காரன். தெருத் தெருவாகப் போய் மெத்தை தைக்கிற முனிரத்தினத்தின் ஒரே மகன். தாய் இல்லாமல் வளர்ந்தவன். அபியின் அம்மா சத்யப்ரியா ஐயம்பேட்டை. நிலம், நெல் மிஷின், கட்சியில் ஒரு பதவி என்று இருக்கிற பரசுராமனின் மகள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஷேர் ஆட்டோவில் முக்கால் மணி நேரம்தான். ஆனால் முனிரத்தினம் குடியிருக்கிற தெருவின் பேரைச் சொன்னால் ஐயம்பேட்டையில் அத்தோடு பேச்சு நின்றுவிடும். ஏன் நின்றுவிடும் என்று நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை, கண்ணுகளா, நீங்களும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள்தானே. இருவரும் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் பண்ணிக்கொண்டு ஓசூருக்குப் போய், அவன் லிஃப்ட் மெக்கானிக்காகவும் அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்திலும் வேலைக்குச் சேர்ந்தார்கள். அன்றைக்குப் பரசுராமன் நடுத்தெருவில் நின்று சொன்னார்: "அவ வயித்துல பொறக்கறதுக்கு என் வூட்டுல ஒரு பிடி சோறு கெடையாது." தெருவில் பாதிப் பேர் கேட்டார்கள், மீதிப் பேருக்கு அவர்கள் சொன்னார்கள். அப்படிச் சொன்ன சொல்லை மனுஷன் தனியாக இருக்கும்போது விழுங்கிவிட முடியாது.

ஐந்தாறு வருஷம் அப்படியே போயிற்று. பள்ளிக்கூடத்தில் மிஸ் "உங்க சொந்த ஊர் எது?" என்று கேட்டதற்கு அபி, ஓசூரில் குடியிருக்கிற வீட்டை நினைத்து, "ரெண்டாவது மாடி" என்று சொன்னாளாம். அதைக் கேட்ட பிறகுதான் பொங்கலுக்கு ஊருக்குப் போவது என்று முடிவாயிற்று. எங்கே தங்குவது என்பது மட்டும் முடிவாகவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் பதினெட்டு நாள் அதையே பேசினார்கள். ஓரிக்கையில் தங்கினால் பாலாற்றுக் காற்று இருக்கிறது, நைனா கையால் ஆக்கின மீன் குழம்பு இருக்கிறது. ஆனால் இறங்கின ஆட்டோ திரும்பிப் போவதற்குள் ஐயம்பேட்டைக்குச் சேதி போய்விடும், மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்து நின்று சத்யப்ரியாவின் அம்மா அலமு பேசுகிற போனும் அத்தோடு போய்விடும். ஐயம்பேட்டையில் இறங்கவே முடியாது. காமாட்சியம்மன் கோயில் பக்கம் ரூம் எடுக்கலாமென்றால் அந்தப் பட்டுக்கடைகளில் பாதிப் பேர் பரசுராமனுக்குப் பழக்கம். ஏகாம்பரநாதர் சன்னிதி பக்கம் சந்தோஷ்குமாரின் சித்தப்பா ஆட்டோ ஓட்டுகிறார். சின்ன காஞ்சிபுரத்தில் சத்யப்ரியாவின் அத்தை. இவளுக்கும் சொந்தமில்லாத, அவனுக்கும் சொந்தமில்லாத தெரு எது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்ததில், அத்தனை பெரிய ஊரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரே ஒரு தெரு மிச்சமானது. அதில் ஒரு லாட்ஜ் இருந்தது.

தப்பு நடந்தது அதற்கு முன்னாலேயே. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தோஷ்குமார் பால்கனியில் நின்று போனில், "உன்கிட்டதான் நைனா தங்குவோம், வேற எங்க போவப் போறோம்?" என்று சொன்னான். அதே நேரத்தில் சத்யப்ரியா குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு, "உன்கிட்டதாம்மா வந்து தங்குவேன்" என்று அலமுவிடம் சொன்னாள். இரண்டு பேரும் பொய் சொல்ல நினைக்கவில்லை. ஆசையைச் சொன்னார்கள், கேட்டவர்கள் அதை வாக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். அலமு வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வருகிறேன் என்று ஒருவர் சொன்ன நாள் முதல், உலைக்கு அரிசி களையும்போதெல்லாம் அவர் பேரைச் சொல்லி ஒரு பிடி அரிசியைத் தனிச் சம்படத்தில் போட்டு வைப்பார்கள். வந்தவருக்கு முதல் சோறு அந்த அரிசியில். திரும்பிப் போகும்போது சம்படத்தில் மீந்ததிலிருந்து வீட்டுக்குப் பெரியவர் தன் கையால் ஒரு பிடி எடுத்து முடிந்து கொடுத்து அனுப்ப வேண்டும். புருஷனுக்குத் தெரியாமல் அலமு அன்று முதல் பேத்தி பேருக்குப் போட ஆரம்பித்தாள். ஓரிக்கையில் முனிரத்தினம் தன் தொழிலுக்கு ஏற்றபடி ஒரு சின்னத் தலையணை தைத்தார். விதை நீக்கின நல்ல இலவம் பஞ்சு. ஒரு தறிக்காரர் வீட்டில் மெத்தை தைத்தபோது கொடுத்த கிளிப்பச்சைப் பட்டுத் துண்டில் உறை. ஒவ்வொரு தையலுக்கும் "அபி" என்று சொல்லிச் சொல்லி இழுத்தார். லாட்ஜில் சந்தோஷ்குமார் போனிலேயே மூன்று பேர் பேரையும் எழுதச் சொல்லியிருந்தான். ஆக, குழந்தைக்கு மூன்று இடத்தில் இடம் போட்டாகிவிட்டது. குழந்தையோ ஒன்று.

செவ்வாய்க்கிழமை வந்து இறங்கினார்கள். லாட்ஜ் மேனேஜர் குமரகுரு ஆதார் கார்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாபா இது, உன்னுதுல ஓரிக்கைன்னு போட்டிருக்குது. இந்தம்மாவுது ஐயம்பேட்டை. சொந்த ஊர்லயே லாட்ஜு எடுக்கறியே, வூடு இன்னா இடிஞ்சி பூட்ச்சா?"

"வூடு நல்லாத்தான் சார் இருக்குது."

"அப்புறம்?"

இரண்டு பேரும் சுவரைப் பார்த்தார்கள். குமரகுருவுக்கு அந்த மாதிரிச் சுவர் பார்க்கிறவர்களைப் பழக்கம். "கோயிலுக்கு வந்ததா எழுதிக்கறேன். அதுக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்க," என்று சாவியை நீட்டினார்.

அன்று இரவு அபி இட்லியைத் தொடவில்லை. புரோட்டா, நூடுல்ஸ், பால் எதுவும் வேண்டாம். வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, வேறு யாருடையதோ கைமாறி வந்துவிட்ட மாதிரி பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தாள். காய்ச்சல் இல்லை, அழுகை இல்லை. "பசி வரலம்மா. அது வேற எங்கயோ இருக்குது," என்றாள். கண்ணையும் மூடவில்லை. விடிகிற வரைக்கும் மல்லாந்து படுத்துக்கொண்டு, "ஃபேனுக்கு மூணு றெக்கைதாம்மா, எத்தினி வாட்டி எண்ணினாலும்," என்று சேதி சொல்லிக்கொண்டே இருந்தாள். காலையில் குழந்தைகள் டாக்டரிடம் காட்டினார்கள். அவர் நாக்கைப் பார்த்தார், வயிற்றைத் தட்டினார், எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது என்றார். அது மட்டும் சரியில்லை என்று மத்தியானம் தெரிந்தது.

மத்தியானம் முனிரத்தினம் போன் பண்ணினார். "ஏம்பா, வந்தவங்க ஒரு குரல் குடுக்கக் கூடாதா? கொழந்தைய மட்டும் வுட்டுட்டு எங்க போயிட்டீங்க?"

"கொழந்தை எங்ககிட்டதான் நைனா இருக்குது."

"அப்போ இங்க தூங்கிக்கினு இருக்கறது யாரு?"

தலையணையின் நடுவில் சின்னத் தலை அளவுக்குக் குழி விழுந்திருக்கிறது, தொட்டால் சூடாக இருக்கிறது, ஓரத்து நூல் மூச்சுக்கு மூச்சு ஆடுகிறது, நடுநடுவே "மிஸ்" என்கிறது, ஆளைத்தான் காணோம் என்று அவர் சொன்னார். அக்கம்பக்கத்தில் நாலு பேர் வந்து பார்த்துவிட்டு, சத்தம் போட்டால் எழுந்துகொள்ளும் என்று ஜாடையில் பேசிக்கொண்டு போனார்களாம். சந்தோஷ்குமார் லாட்ஜில் தங்கியிருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பிறகு முனிரத்தினம் கேட்டார்: "மெத்தை எப்பிடி இருக்குது அங்க?"

"கட்டி கட்டியா இருக்குது நைனா."

"இருக்கும்," என்றார் முனிரத்தினம்.

உடனே ஆட்டோ பிடித்து ஓரிக்கைக்குப் போனார்கள். அபி தலையணையில் தலை வைத்ததும் சுவிட்சை அணைத்த மாதிரி தூங்கிவிட்டாள். ஐந்து மணி நேரம் தூங்கினாள். எழுந்ததும் தலையணையைக் கையோடு எடுத்துக்கொண்டு லாட்ஜுக்கு வந்து கட்டிலில் போட்டுப் பார்த்தார்கள். அங்கே அது வெறும் பஞ்சு. மறுபடி ஓரிக்கைக்குக் கொண்டுபோனால் குழி விழுந்தது, சூடு வந்தது. தூக்கத்துக்கு ஒரு வழி தெரிந்தது. ஆனால் பசி ஓரிக்கையிலும் வரவில்லை. மீன் குழம்பை மோந்து பார்த்து, "வாசனையா இருக்குது தாத்தா, நீ சாப்டு," என்று அபி உபசாரம் பண்ணினாள். முனிரத்தினம் திண்டாடிப்போனார்.

ஐயம்பேட்டையில் பரசுராமன் செவ்வாய்க்கிழமை இரவு பதினோரு தோசை தின்றுவிட்டு வெறும் வயிற்றோடு எழுந்தார். புதன்கிழமை கட்சி விஷயமாக வந்த இளவரசனும் ராமராஜனும் மரியாதைக்கு ஒரு வாய் என்று உட்கார்ந்து, ஒரு குண்டான் சோற்றைக் காலி பண்ணிவிட்டு, இன்னும் பசிக்கிறதே என்று வெட்கத்தோடு விழித்தார்கள். வீட்டுக் கேட்டைத் தாண்டினதும் இரண்டு பேருக்கும் வயிறு முட்டிக்கொண்டு நடக்க முடியவில்லை. அந்த வீட்டுக்குள் யார் இலை முன்னால் உட்கார்ந்தாலும் அதே பசி, அதுவும் ஒரு தினுசான பசி. கருவாட்டுக் குழம்பு இல்லாமல் சோற்றில் கை வைக்காத பரசுராமன், வியாழக்கிழமை தட்டை நகர்த்திவிட்டு, "தயிர் சோத்து மேல கொஞ்சம் சக்கர தூவு," என்று கேட்டார். கேட்ட பிறகு, தான்தான் கேட்டோமா என்று சுற்றும்முற்றும் பார்த்தார். பருப்பில் கிள்ளிப் போட்டிருந்த மிளகாய் நாக்கில் பட்டதும் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாயங்காலம் அப்பளத்தை விரலில் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு தின்றார். "சுகர் ஏறிப்போச்சு போலக்குது அலமு, டெஸ்ட் எடுக்கணும்," என்று அவராகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார்.

அலமுவுக்கு முதல் நாளே சந்தேகம் வந்துவிட்டது. அடுப்புக்குப் பக்கத்தில், சம்படத்தை அணைத்துக்கொண்டு, ஏதோ ஒன்று சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி அந்த இடம் இருந்தது. வியாழக்கிழமை மாட்டுக் கொட்டகைக்குப் போய் மகளுக்குப் போன் போட்டாள். மகள் அழுதுகொண்டே குழந்தை மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்றாள். "அடியே, அது இங்கதாண்டி இருக்குது. நான் பார்த்துக்கினுதான் இருக்கறேன்," என்றாள் அலமு. நெய்ச்சோறு உருட்டி அடுப்பாண்டை வைத்தால் அது காலியாகிறது. ஆனால் லாட்ஜில் இருக்கிற வயிறு நிறையவில்லை. தூக்குச்சட்டியில் போட்டு ஷேர் ஆட்டோவில் கொடுத்து அனுப்பினாள். சோறு போய்ச் சேர்ந்தது, பசி போகவில்லை. வெள்ளிக்கிழமை அபியின் கன்னம் ஒட்டிவிட்டது. படி ஏறும்போது உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். குளுக்கோஸ் ஏற்றலாம், ஆனால் ஒரு குழந்தையை எத்தனை நாளைக்கு அப்படி வைத்திருப்பது? பசி இருக்கிற இடத்துக்கு உடம்பைக் கொண்டுபோக வேண்டும், வேறு வழியில்லை. சத்யப்ரியாவுக்கு அதுதான் பயம். தெரு பார்க்க அப்பா கேட்டைச் சாத்திவிட்டால் அது இந்த ஜன்மத்துக்குத் திறக்காது. குழந்தையின் பசியும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

அதே வெள்ளிக்கிழமை காலை, டெஸ்டுக்குக் கிளம்பின பரசுராமனிடம் அலமு சொல்லிவிட்டாள். "அது சுகர் இல்லீங்க. உங்க பேத்தியோட பசி."

"இன்னா உளர்ற?"

"நான்தான் அது பேருக்கு அரிசி போட்டு வெச்சேன். வந்து ஒக்காந்துக்கிச்சு."

"யாரைக் கேட்டுப் போட்ட?"

"அரிசி போட யாரைக் கேக்கணும்? இந்த வூட்டுல முப்பது வருசமா நாந்தான் போடறேன்."

அவர் போட்ட சத்தத்தில் நெல் மிஷின் ஆட்கள் ஓடி வந்தார்கள். அந்த அரிசியைக் கொண்டுபோய்க் கோழிக்குக் கொட்டு என்றார். அலமு சம்படத்தைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்து, "நீங்களே கொட்டுங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பரசுராமன் மூடியைத் திறந்தார். அவருக்குப் பசித்தது. மூன்று நாளாக அவர் வயிற்றில் இருந்த பசிதான். எதற்கு ஆசைப்படும், எதற்குப் பயப்படும் என்று அவருக்கு அத்துப்படி. அதன் முகம் மட்டும் தெரியாது. இதில் என்ன செய்வதென்று அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூடியை மூடினார், திறந்தார். வெயில் ஏறுகிற வரைக்கும் சம்படத்தை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

பதினொன்றரைக்கு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. சத்யப்ரியா அபியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். பின்னால் சந்தோஷ்குமார். அவனுக்குப் பின்னால், வரவேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முனிரத்தினம். அவர்கள் இரண்டு பேரும் எதிர்ப்பக்கத்துப் புங்க மரத்தடியிலேயே நின்றுவிட்டார்கள். தெருவில் தறிச் சத்தம் ஒவ்வொரு வீடாக நின்றது; ஜன்னல்களில் முகங்கள் வந்தன. பரசுராமன் எழுந்து வாசற்படியில் வந்து நின்றார், கையில் சம்படத்தோடு. மகளை அவர் பார்க்கவில்லை. மகளும் காலடியை எடுத்து வைக்கவில்லை. கேட் திறந்துதான் இருந்தது. ஆனால் திறந்த கேட்டுக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அபி அம்மாவின் இடுப்பிலிருந்து நழுவி இறங்கினாள். ஒரு கால் கேட்டுக்கு உள்ளே, ஒரு கால் வெளியே. அப்படியே நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்: "அம்மா, எனக்குப் பசிக்குது!"

பரசுராமன் தெருவைப் பார்த்தார். தெரு அவரைப் பார்த்தது. அவர் முகத்தை வீட்டுப் பக்கம் திருப்பி, அதே அளவு சத்தமாகச் சொன்னார்:

"அலமு! பருப்புல மொளகா கிள்ளிப் போட்டுறாத. கொழந்தைக்கு ஆகாது."

குழந்தைக்குக் காரம் ஆகாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சத்யப்ரியா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுததைச் சொல்ல வேண்டாம், நீங்களும் அழுவீர்கள். அபி இரண்டு தட்டு பருப்புச் சோறு தின்றாள், தயிர் சோற்றில் சர்க்கரை போட்டுத் தின்றாள், ஐந்து விரலிலும் அப்பளம் மாட்டிக்கொண்டாள். எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பரசுராமனுக்கு மூன்று நாளில் முதல் தடவையாக வயிறு நிறைந்து ஏப்பம் வந்தது. சாப்பிட்டு முடிந்ததும் குழந்தைக்குக் கண் சொக்கியது. ஆனால் தூக்கம் ஓரிக்கையில் அல்லவா இருக்கிறது? புங்க மரத்தடியில் முனிரத்தினம் தலையணையோடு காத்திருந்தார். அவரையும் சந்தோஷ்குமாரையும் அன்றைக்கு யாரும் உள்ளே கூப்பிடவில்லை. அலமு வேலிப் பக்கமாகப் போய் இரண்டு சொம்பு மோர் கொடுத்தாள். நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும் இல்லையா?

மீதி இருந்த நாட்களில் அபி தறியில் குறுக்கே ஓடுகிற நாடா மாதிரி அங்கும் இங்கும் ஓடினாள். ஐயம்பேட்டையில் சாப்பாடு, ஓரிக்கையில் தூக்கம், லாட்ஜில் குளியல், பல் தேய்ப்பு, சட்டை மாற்றுதல். ஷேர் ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடிப்பதற்கு முன்னால் குழந்தை பசியோடு போகிறதா தூக்கத்தோடு போகிறதா என்று பார்த்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை ஓசூர் கிளம்ப வேண்டும். பசியும் தூக்கமும் இங்கேயே நின்றுவிட்டால் என்ன ஆவது என்று எல்லோருக்கும் கவலை. ஓரிக்கையில் முனிரத்தினம் தலையணையைத் துணியில் சுற்றிக் கொடுத்து, "கூட்டிக்கினு போ," என்றார். தன் கையால் அவர் கொடுத்த பிறகு சூடு அதை விட்டுப் போகவில்லை. ஐயம்பேட்டையில் அலமு சம்படத்தைக் கொண்டுவந்து பரசுராமனுக்கு முன்னால் வைத்தாள். ஒரு பிடி சோறு கிடையாது என்று சொன்ன மனுஷன் ஒரு பிடி அரிசியை அள்ளினார். அள்ளினது போதவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, கையை மறுபடி உள்ளே விட்டு இன்னொரு பிடி அள்ளி, அபியின் பாவாடை நுனியில் முடிந்து விட்டார். அடுப்பாண்டை உட்கார்ந்திருந்தது எழுந்து போனது. அன்று மத்தியானம் அவருக்கு அளவான பசிதான் எடுத்தது. கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள் அலமு. ரொம்ப நேரம் அவருக்கு அது ருசிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் வருகிறார்கள். ஒவ்வொரு தடவையும் எங்கே தங்குவது என்று பேச ஆரம்பித்து, முடிவுக்கு வராமல், இரண்டு வீட்டுக்கும் "உன்கிட்டதான்" என்று சொல்லிவிட்டு, லாட்ஜில் ரூம் போடுகிறார்கள். அபி மூன்று இடத்திலும் தங்குகிறாள். குமரகுரு ரிஜிஸ்டரில் அவள் பேருக்கு நேரே "உடம்பு மட்டும்" என்று எழுதிக்கொள்கிறார். இரண்டாம் வருஷம் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று பரசுராமன் சந்தோஷ்குமாரைக் கிணற்றடி வரைக்கும் கூப்பிட்டார். மூன்றாம் வருஷம் முனிரத்தினம் அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, மெத்தைகளைப் பிரித்துப் பஞ்சை உதறித் தைத்துக் கொடுத்துவிட்டு, அங்கேயே சாப்பிட்டுவிட்டுப் போனார். அது வேலைக்கு வந்ததா, சம்பந்தி வீட்டுக்கு வந்ததா என்று ஐயம்பேட்டையில் இன்றைக்கும் தீர்மானமாகவில்லை. கேட்டால் பரசுராமன், "மெத்தை இப்போ நல்லாத்தான் இருக்குது," என்று மட்டும் சொல்கிறார்.

அபிக்கு இப்போது எட்டு முடிந்துவிட்டது. மார்கழி பிறந்து பத்துப் பதினைந்து நாள் ஆனதும், ஓசூரிலிருந்து போன் வருவதற்கு முன்னால், ஒரு மத்தியானம் பரசுராமன் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சர்க்கரை டப்பா எங்கே என்று கேட்பார். அலமு எடுத்துக் கொடுப்பாள். அவர் தயிர் சோற்றின் மேல் தூவிக்கொண்டே, "இந்தத் தபா காரமும் கொஞ்சம் கேக்குதுமா. புள்ள வளந்துட்டுது," என்பார்.